‘அங்கீகரிக்கப்பட்ட சமயமா?’ என்று கேட்டுக் கந்தோருக்கு வருகிறவர்களுக்கு

மகன் இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டப் போகிறான். பிள்ளை தன்னைப் பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவள், என்கிறாள். அதில் ஒரு கிளையான விக்கா வழியில் வழிபடுகிறாள். “சேர், அவையின்ரை சமயத்தைக் கவுண்மேந்து ஏத்துக்கொண்டதோ? இல்லாட்டிக் கலியாணம் செல்லாதாமே?” இதே கேள்வியோடு இந்த வருடம் மறுபடியும் ஒரு குடும்பம் வந்தது. கேள்வி மட்டும் என்றால் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். தாயார் பையிலிருந்து ஒரு சத்தியக் கடதாசி வரைவை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் சைவத்துக்கு மாறிவிட்டதாக அதில் தட்டெழுதியிருந்தது. அவள் மாறவில்லை. அப்படியொரு தாள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தவர், “இனி இதைக் கெசற்றில் போட வேணும்” என்று தனியாகக் காசும் கேட்டிருக்கிறார்.

கெசற் கதை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் மதம் மாறியதை அரசிதழில் அறிவிக்கும் வழக்கம் உண்டு. யூடியூப்பில் அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து கேட்கிறார்கள். அது அங்கத்தைய நடைமுறை ஐயா. இங்கே இலங்கையில் சமயம் மாறுவதற்கு அப்படியொரு பொதுவான கெசற் அறிவித்தல் முறை கிடையாது.

இனி அந்தப் ‘பட்டியல்’ விஷயம். இலங்கையில் இன்னின்ன சமயங்கள் அங்கீகரிக்கப்பட்டவை, மற்றவை இல்லை என்று ஒரு பட்டியல் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. பௌத்தம், இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் நான்குக்கும் அரச திணைக்களங்கள் இருக்கின்றன. சாதாரண தரப் பரீட்சையிலும் சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் என்று பாடங்கள் இருக்கின்றன. இவற்றைப் பார்த்துச் சனம் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. திணைக்களம் நிர்வாக வசதிக்கு, பாடம் பரீட்சைக்கு. இரண்டும் ஒருவருடைய நம்பிக்கைக்கு அனுமதிச் சீட்டு அல்ல.

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே வசனம் எல்லாச் சமயங்களுக்கும் உள்ள உரிமைகளையும் உறுதி செய்கிறது. 10ஆம் உறுப்புரை, எந்தச் சமயத்தையும் நம்பிக்கையையும் கொண்டிருக்கும் சுதந்திரத்தை ‘ஆள் ஒவ்வொருவருக்கும்’ கொடுக்கிறது. இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் அதை வெளிப்படையாக வழிபட்டு, அனுஷ்டித்து, போதிக்கும் உரிமையைத் தரும் 14(1)(உ) பிரசைகளுக்குரியது. வெளிநாட்டு மருமகள் எதை நம்பலாம் என்பதற்கும், இங்கே வந்து எதைப் போதிக்கலாம் என்பதற்கும் இடையில் இந்த வித்தியாசம் இருக்கிறது. கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சத்தியக் கடதாசியின் முதல் வரியில் சமயம் கேட்கப்படுவது பலரைப் பயப்படுத்துகிறது. இந்து என்றால் உறுதியுரை (கடவுள் பேரில் ஆணையிடாமல் மெய் என்று உறுதி சொல்வது), கிறிஸ்தவர் என்றால் சத்தியம். மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை என்று நினைக்கிறார்கள். இடம் இருக்கிறது. 1895இன் சத்தியங்கள், உறுதியுரைகள் கட்டளைச் சட்டம் பௌத்தர், இந்து, முஸ்லிம் ஆகியோருக்குப் பிறகு, சத்தியம் கட்டுப்படுத்தாத ‘வேறு சமயத்தவர்’ என்றும் சேர்க்கிறது. சத்தியம் செய்ய மனச்சாட்சி இடங்கொடாதவரும் உறுதியுரை செய்யலாம். ஆகவே விக்காக்காரியும் உறுதியுரை செய்யலாம், எந்தச் சமயமும் இல்லாதவரும் செய்யலாம். இதற்காகப் பொய்யாகச் சைவமாக்கத் தேவையில்லை. பொய்ச் சத்தியக் கடதாசி தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் குற்றம். முதலில் மாட்டுவது ஒப்பம் வைத்தவர்தான்.

சமயத்தைத் தாளில் மாற்றி எழுதும் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்று, பள்ளித் தோம்பில் (ஒல்லாந்தரின் பள்ளிக்கூடப் பதிவேட்டில்) பேர் பதிந்தால்தான் கலியாணமும் காணியும் உத்தியோகமும் ஒழுங்காக நடக்கும். பேரைப் பதிந்துவிட்டு வீட்டுக்குள் சிவனைக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்த அரசு போய் 200 வருடம் கடந்துவிட்டது, அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

வெளிநாட்டு நிலவரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் சூனியம் பற்றிய பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு விக்காவை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். அவர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பது உபரித் தகவல். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 குடிசன மதிப்பீட்டில் சுமார் 74,000 பேர் பேகன் என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் தாங்களே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1986இல் ஒரு சிறைக்கைதியின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் விக்கா சமயம்தான் என்றது. ஆனால் அவர் கேட்ட பூசைப் பொருட்களைக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. 2007இல் அங்கே படைவீரர் கல்லறைகளில் பொறிக்கக்கூடிய சின்னங்களில் விக்காவின் ஐங்கோண நட்சத்திரமும் சேர்ந்தது. ஐஸ்லாந்து தன் பழைய தெய்வங்களைக் கும்பிடும் சங்கத்தை 1973இலேயே பதிந்துவிட்டது. கல்லறைக்கு ஒரு விதி, சிறைக்கு ஒரு விதி, பதிவுக்கு ஒரு விதி. மொத்தமாக ‘அங்கீகாரம்’ என்று ஒரு முத்திரை குத்துவதில்லை.

எங்கள் நாட்டிலும் அப்படித்தான். 2003இல் மென்சிங்கன் கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையைக் கூட்டிணைக்கும் (சட்டப்படி ஒரு நிறுவனமாக்கும்) சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கத்தோலிக்கம் ‘அங்கீகரிக்கப்படாத’ சமயமா? கத்தோலிக்கம் சமயமா என்று யாரும் கேட்கவில்லை, அந்தச் சபையின் நோக்கங்கள் பற்றித்தான் வழக்கு. (2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அந்த முடிவைக் குறை சொன்னது வேறு கதை.)

சரி, கலியாணம். பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிய மணமகள் சைவமாக இருக்கத் தேவையில்லை. வயது, ஏற்கனவே விவாகம் உண்டா இல்லையா, இரத்த உறவு, அறிவித்தல், இவைதான் விஷயம். இங்கிலாந்தில் நடப்பதென்றால் வேறு கவனம் வேண்டும். சோலைக்குள் நின்று கையைக் கயிற்றால் கட்டும் பேகன் சடங்கு, பதிவாளர் இல்லாமல் நடந்தால் அங்கே சட்டப்படி விவாகம் ஆகாது. உடனே சிரிக்க வேண்டாம். லண்டனில் ஒரு மண்டபத்தை எடுத்து, ஐயரை வைத்துத் தாலி கட்டி, பதிவை மறந்துவிட்ட எங்கள் பிள்ளைகளின் நிலையும் அதுவேதான். ஸ்கொட்லாந்தில் அனுமதி பெற்ற பேகன் குரு நடத்தும் விவாகம் செல்லும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றி யாரும் கேட்பதில்லை, உண்மையான சிக்கல் அங்கேதான். அது சைவருக்கான சட்டம் அல்ல. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கும் அதுதான். 1911இன் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணக்கும் வெளியாள் பெண்ணும் விவாகம் நிலைத்திருக்கும் வரை தேசவழமைக்கு உட்படுவாள். அவள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் சரி. பிறகு அவள் பெயரில் கோண்டாவிலில் ஒரு காணியை எழுதினால், அதை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் தேவைப்படும். நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்கிற மகன் இன்னும் தேசவழமைக்கு உட்பட்டவர்தானா என்பதே ஒரு கேள்வி. காணி உறுதி முடிக்க முன் கேளுங்கள், முடித்த பிறகு வந்து அழாதீர்கள்.

அம்மம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளையைச் ‘சூனியக்காரி’ என்று சொல்லாதீர்கள். விக்காவினர் ஒரு பெண் தெய்வத்தையும் ஒரு ஆண் தெய்வத்தையும் வைத்து, பருவத்துக்குப் பருவம் எட்டுப் பண்டிகை கொண்டாடுகிறவர்கள். சாத்தான் அவர்கள் நம்பிக்கையிலேயே இல்லை. பூரணைக்கு விளக்கு வைப்பதைப் பார்த்துப் பயப்பட எங்களுக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? அத்தோடு, எந்த வகுப்பினரும் புனிதமாகக் கருதும் பொருளை அவமதிக்கும் நோக்கத்தோடு சேதப்படுத்துவது தண்டனைச் சட்டக் கோவையின் 290ஆம் பிரிவின்படி குற்றம். மருமகளின் பூசைத் தட்டைக் கிணற்றில் போட நினைக்கிறவர்கள் இதை இன்னொரு தரம் வாசிக்கவும்.

சமயத்தைக் காரணம் காட்டி எந்த அலுவலகமாவது விண்ணப்பத்தைத் திருப்பினால் சண்டை பிடிக்காமல் எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கோயில் திருவிழா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் கதவு மூடிவிடும்.

என்னிடம் வரும்போது கடவுச்சீட்டுப் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், முந்தைய விவாகம் இருந்தால் விவாகரத்துக் கட்டளை, காணி எழுதுவதென்றால் பழைய உறுதி ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளையையும் வட்ஸ்அப்பில் பிடித்துத் தாருங்கள். அவளைப் பற்றிய தாளை அவளிடமே கேட்டு எழுதலாம்.