‘செல்ட்’ கெல்ட்டியருடையது அன்று

சேர்வராயன் மலைச் சிற்றூர்களின் பிள்ளையார் கோயில்களில், திருநீறும் குங்குமமும் பூசிய கரிய கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒருமுனை கூம்பி, மறுமுனை பிறைபோல் விரிந்து, தொட்டால் விரல் வழுக்கும் அவை புதிய கற்கால மக்களின் கோடரிகள். ஆங்கில நூல்கள் இவற்றைச் ‘செல்ட்’ என்கின்றன. ஏற்காட்டில் பள்ளி மாணவர்களிடம் ஒருவர் இவற்றைக் ‘கெல்ட்டியர் கோடரி’ என்று விளக்கியதைக் கேட்டேன். அச்சிலும் பலமுறை கண்டு பொறுத்த பிழை அது, இனியும் பொறுப்பதற்கில்லை.

‘செல்ட்’ என்பதன் மூலம், உளியைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்ட ‘செல்டிஸ்’ என்னும் பிற்கால இலத்தீன் சொல். இலத்தீன் விவிலியத்தின் யோபு நூலில் வரும் அச்சொல்லே ஏட்டைப் படியெடுத்தவரின் பிழை என்பாரும் உளர். அயர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளின் கெல்ட் இனத்தாருக்கும் இதற்கும் ஆங்கில எழுத்தொற்றுமை தவிர வேறு உறவில்லை. அகராதியை ஒருமுறை புரட்டியிருந்தால், சேலத்து மலைக் கல்லுக்கு அயர்லாந்துக்காரரை உரிமையாளராக்கியிருக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெருங்கேடு செய்வது ‘கைக்கோடரி’ என்னும் பெயர்ப்பு. தமிழாகத் தோன்றுவதால் எவரும் ஐயுறுவதில்லை. கைக்கோடரி என்பது பழைய கற்காலத்தது. காம்பின்றிக் கையில் பற்றப்பட்டது. இருபுறமும் சில்லுகள் பெயர்த்து உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் புட் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்தது அவ்வகை. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் அதன் வயது 15 இலட்சம் ஆண்டு வரை செல்கிறது. பிள்ளையார் முன்னுள்ளவையோ சில ஆயிரம் ஆண்டுப் பழமையுடையவை, மரக்காம்பில் பொருத்தப்பட்டவை, செதுக்கி, கொத்தி, மணலும் நீரும் இட்டுத் தேய்த்து முடிக்கப்பட்டவை. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது இலட்சக்கணக்கான ஆண்டுகளை ஒரு சொல்லில் விழுங்குவதாகும். ‘கணிச்சி’ என்பாரின் சங்கப் பற்றை மதிக்கிறேன். ஆனால் சங்கப் பாடல்களின் கணிச்சி பெரும்பாலும் கிணறு தோண்டும் இரும்புக் கருவி, ஆதலால் கல்லுக்கு அது பொருந்தாது.

என் பரிந்துரை ‘தீட்டிய கற்கோடரி’. கத்தியைத் தீட்டுகிறோம், அரிசியையும் தீட்டுகிறோம். கூராக்குதலும் வழவழப்பாக்குதலும் அந்த ஒரே வினையில் அடங்குகின்றன. ‘மெருகூட்டிய’ என்றால் பளபளப்பு மட்டுமே தோன்றும், வெட்டுவாய் மறைந்துவிடும்.

கல்லின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். எல்லாவற்றையும் ‘கருங்கல்’ என்று எழுதிவிடுகிறார்கள். சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். அதன் பருமணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும், உடைந்த முகம் எண்ணெய் பூசியதுபோல் மங்கலாக மின்னும். தென்னிந்தியாவில் தீட்டிய கோடரிகளில் மிகுதியானவை டோலரைட் போன்ற நுண்மணிப் பாறைகளால் ஆனவை. வாய் சில்லுப்பட்ட ஒன்றைக் கோயிலார் இசைவுடன் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: வெளிறிய மேற்தோலுக்குள் கருமையும், கண்ணுக்கு எட்டியும் எட்டாததுமான மணிகளும் தெரிந்தால், ‘டோலரைட்டாலான தீட்டிய கற்கோடரி’ என்று எழுதலாம். பார்த்தபின் அதே மேடையில், அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.