அடி தெரியாமலே ஆழம் காட்டிய கோட்பாடு

அணுக்கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட நியூட்ரான் சராசரியாக 880 வினாடிகளில் சிதைந்துவிடுகிறது. அதன் இடத்தில் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான், ஓர் எதிர்நியூட்ரினோ ஆகிய மூன்றும் தோன்றுகின்றன. இதற்கு என்ரிக்கோ ஃபெர்மி 1934-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, இந்த நான்கு துகள்களும் வெளியின் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. நடுவில் வேறெதுவும் இல்லை. இன்று நமக்குத் தெரியும், நடுவில் டபிள்யூ போசான் என்ற கனத்த துகள் இருக்கிறது. அப்படியானால் ஃபெர்மியின் கோட்பாடு பொய் என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒதுக்கப்படவில்லை. நியூட்ரான் சிதைவு போன்ற பீட்டாச் சிதைவையும், எலெக்ட்ரானின் கனத்த உறவான மியூவானின் சிதைவையும் கணக்கிட இன்றும் அதன் திருத்திய வடிவத்தைத்தான் எடுக்கிறார்கள். ஒரு கோட்பாடு 'அடிப்படையானதா' என்று கேட்பதற்கு முன், அடிப்படையே அல்லாத ஒன்று இவ்வளவு நன்றாக எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஃபெர்மி கோட்பாட்டில் ஒரே ஒரு மாறிலி உண்டு. துகள் இயற்பியலில் ஆற்றலையும் நிறையையும் ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டில், சுருக்கமாக ஜி.இ.வி.யில், அளப்பார்கள், புரோட்டானின் நிறை 0.938 ஜி.இ.வி. இந்த அலகில் ஃபெர்மி மாறிலி 1.166 × 10⁻⁵. ஆனால் அது வெறும் எண் அல்ல. அதன் அலகு 'ஒன்றின் கீழ் ஜி.இ.வி. வர்க்கம்'. இந்த அலகில்தான் சூட்சுமமே இருக்கிறது.

சிதைவின் வேகம் மாறிலியின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கத்தின் அலகு ஜி.இ.வி.யின் கழித்தல் நான்காம் அடுக்கு. வேகத்துக்கோ இந்த அலகு முறையில் ஜி.இ.வி.யின் முதல் அடுக்கு வர வேண்டும். ஆகவே சிதையும் துகளின் நிறை ஐந்தாம் அடுக்கில் நுழைந்தே தீரும். நிறை இரட்டித்தால் சிதைவு 32 மடங்கு விரைவாகும்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். மியூவானின் நிறை 0.1057 ஜி.இ.வி.; அதன் ஆயுள் 2.197 மைக்ரோ வினாடி. ஃபெர்மி மாறிலியின் மதிப்பையே இந்த ஆயுளிலிருந்துதான் எடுக்கிறார்கள், எனவே மியூவான் சோதனையாகாது. 1975-இல் மார்ட்டின் பெர்ல் குழு கண்டறிந்த டௌ என்ற, அதே குடும்பத்துத் துகளை எடுத்துக்கொள்வோம். அது மியூவானைவிட 16.8 மடங்கு கனமானது. ஐந்தாம் அடுக்கு ஏறக்குறைய 13.45 லட்சம். மியூவான் ஆயுளை இதனால் வகுத்தால் 1.63 × 10⁻¹² வினாடி. ஆனால் டௌ பல வழிகளில் சிதையக்கூடியது; மியூவானைப் போல எலெக்ட்ரானைத் தரும் வழி 17.8 விழுக்காடுதான். அந்தப் பங்கால் பெருக்கினால் 2.91 × 10⁻¹³ வினாடி வருகிறது. ஆய்வகத்தில் அளந்தது 2.90 × 10⁻¹³. ஃபெர்மி எழுதியபோது டௌ மட்டுமல்ல, மியூவான்கூட யாருக்கும் தெரியாது.

டபிள்யூவை மறந்தும் கணக்கு தவறாமல் வருவது ஏன்? டபிள்யூவின் நிறை 80.4 ஜி.இ.வி. அவ்வளவு கனமான துகள் இடைநின்று செயல்படும் தூரம் ஏறக்குறைய 2.5 × 10⁻¹⁸ மீட்டர், புரோட்டானின் ஆரத்தில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைந்த ஆற்றலில் நடக்கும் நிகழ்வுக்கு இவ்வளவு நுண்ணிய தூரம் புள்ளியாகவே தெரியும். இதை அளவோடும் சொல்லலாம்: டபிள்யூவை விட்டுவிடுவதால் வரும் பிழை, நிகழ்வின் ஆற்றலை டபிள்யூ நிறையால் வகுத்து வர்க்கப்படுத்திய அளவில் இருக்கும். நியூட்ரான் சிதைவில் வெளிப்படும் ஆற்றல் 0.0013 ஜி.இ.வி.; பிழை ஆயிரம் கோடியில் 2 அல்லது 3 பங்கு. மியூவானுக்குப் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு. டௌவுக்குப் பத்தாயிரத்தில் சில பங்கு. 40 ஜி.இ.வி. அளவிலான நிகழ்வுக்கோ கால் பங்கு தவறும். அங்கே ஃபெர்மி கோட்பாட்டைப் பிடித்துத் தொங்குவதில் பொருளில்லை.

இத்தகைய கோட்பாடுகளைப் பயனுறு கோட்பாடுகள் என்கிறோம். கட்டும் முறை ஏறத்தாழ இயந்திரத்தனமானது. எந்த ஆற்றல் வரை வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த ஆற்றலில் உருவாகக்கூடிய துகள்களை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தச் சமச்சீர்மைகள் (எதை மாற்றினாலும் விதிகள் மாறாது என்பவை) மீறப்படக் கூடாது என்று குறிக்க வேண்டும். பிறகு அந்தச் சமச்சீர்மைகள் அனுமதிக்கும் எல்லா உறுப்புகளையும் சமன்பாட்டில் எழுத வேண்டும். பிடித்ததை மட்டும் எழுதக் கூடாது. ஒவ்வொரு உறுப்பும் ஆற்றலின் எத்தனையாவது அடுக்கோடு வளர்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்தி, வேண்டிய துல்லியம் வந்ததும் வெட்டிவிடலாம். மிஞ்சும் குணகங்களைச் சோதனை தரும். கென்னத் வில்சன் 1970-களில் மறுஇயல்பாக்கக் குழு (renormalization group) முறையை, அதாவது பார்க்கும் அளவு மாறும்போது மாறிலிகள் எப்படி மாறும் என்று கணிக்கும் கணித முறையை, செப்பனிட்ட பிறகே இது ஏன் பலிக்கிறது என்பது தெளிவானது. அவருக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது படிகளில். இலேசான துகள் ஒன்றைப் பட்டியலில் விட்டுவிட்டால் எத்தனை உறுப்பு சேர்த்தாலும் ஈடாகாது. சமச்சீர்மையைத் தவறாக நம்பினாலும் அதே கதைதான், ஃபெர்மிக்கே அது நேர்ந்தது. அவர் எழுதிய வடிவம் இடம், வலம் இரண்டையும் ஒன்றாக நடத்தியது. 1957-இல் சியென்-ஷியுங் வூ குழு, கோபால்ட்-60 கருக்களை மிகக் குளிர்வித்து ஒரே திசையில் நிறுத்திப் பார்த்தபோது, எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் வெளியேறின. இடவலச் சமச்சீர்மை உடைந்தது. அதே ஆண்டில் சரியான வடிவத்தைக் கண்டவர்கள் இ.சி.ஜி. சுதர்சனும் ராபர்ட் மார்ஷக்கும். கோட்டயத்தில் பிறந்து தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த சுதர்சனுக்கு அப்போது வயது 26. தங்கள் வடிவத்தோடு பொருந்தாத 4 சோதனை முடிவுகளை எடுத்துக்காட்டி, அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றார்கள் இருவரும். திரும்பச் செய்தபோது தவறியவை சோதனைகள்தான். வடிவம் நின்றது. ஆனால் அந்தத் திருத்தமும் நான்கு துகள்கள் ஒரு புள்ளியில் சந்திக்கும் கோட்பாடுதான். டபிள்யூவைத் தொடாமலேயே நடந்த திருத்தம் அது.

இனி அந்த அலகுக்கு வருவோம். மாறிலியின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் 293 ஜி.இ.வி. வருகிறது. ஃபெர்மி கோட்பாட்டில் மோதலின் நிகழ்தகவு ஆற்றலோடு கூடிக்கொண்டே போகும். சில நூறு ஜி.இ.வி.யில் அது ஒன்றைத் தாண்டிவிடும். நூற்றுக்கு நூறுக்கும் மேலே நிகழ்தகவு இருக்க முடியாது. ஆகவே அதற்குள் ஏதோ ஒன்று குறுக்கிட்டாக வேண்டும். எங்கே செல்லாது என்பதைத் தானே சொல்லும் கோட்பாடு இது. 1983-இல் செர்ன் ஆய்வகத்தில், புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் மோதவிட்டு டபிள்யூவைப் பிடித்தார்கள். எச்சரித்த எல்லைக்குள், 80 ஜி.இ.வி.யிலேயே அது அகப்பட்டது.

இதை வைத்துக்கொண்டு, மேலிருந்தே அடித்தளத்தைப் படித்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபெர்மி மாறிலி தருவது டபிள்யூவின் பிணைப்பு வலிமைக்கும் (அது மற்ற துகள்களோடு எவ்வளவு வலுவாக ஊடாடுகிறது என்பதற்கும்) நிறைக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. வலிமையும் பத்தில் ஒன்று, நிறையும் பத்தில் ஒன்று என்றிருந்தாலும், அதாவது 8 ஜி.இ.வி. டபிள்யூ இருந்திருந்தாலும், நியூட்ரான் சிதைவில் மாற்றமே தெரியாது. டபிள்யூ எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல, மின்காந்த விசையையும் இந்தச் சிதைவுகளை நடத்தும் மெல்விசையையும் இணைத்த கிளாஷோ, வெயின்பெர்க், சலாம் ஆகியோரின் புதிய கோட்பாடும், 1973-இல் செர்னின் கார்கமெல் குமிழி அறை என்ற துகள் உணர்கருவியில் கண்ட, மின்னூட்டம் கைமாறாத 'நடுநிலை ஓட்ட' நிகழ்வுகளும் தேவைப்பட்டன. கீழ்த்தளத்தின் விவரங்கள் சில எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதால்தான் இயற்பியல் செய்ய முடிகிறது. அதே காரணத்தால்தான் கீழே என்ன இருக்கிறது என்று ஊகிப்பதும் கடினம்.

இன்று அறிந்த துகள்களையும், ஈர்ப்பு தவிர்த்த அவற்றின் விசைகளையும் விளக்கும் செந்தரக் கோட்பாட்டையும் (Standard Model) நாங்கள் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். 1979-இல் வெயின்பெர்க் ஒரு கணக்கைக் காட்டினார்: செந்தரக் கோட்பாட்டின் துகள்களை மட்டும் வைத்து அடுத்த வரிசை உறுப்பை எழுதினால், ஒரே வகை உறுப்புதான் கிடைக்கும். அது நியூட்ரினோவுக்கு நிறை தரும். 1998-இல் ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே உணர்கருவி நியூட்ரினோ அலைவுகளை, அதாவது ஒரு வகை நியூட்ரினோ இன்னொரு வகையாக மாறுவதை, கண்டு, நிறை உண்டு என்று உறுதிசெய்தது. நிறை 0.05 எலெக்ட்ரான் வோல்ட் என்றும் குணகம் ஒன்று என்றும் கொண்டால், செந்தரக் கோட்பாடு செல்லும் எல்லை ஏறக்குறைய 10¹⁵ ஜி.இ.வி.யில் விழுகிறது. செர்னில் உள்ள பெரிய ஹாட்ரான் மோதுவியின் மோதல் ஆற்றல் 13,600 ஜி.இ.வி.தான். குணகம் சிறிதாக இருந்தால் எல்லை மிகக் கீழே இறங்கிவிடும்; ஃபெர்மியிடம் கண்ட விகிதச் சிக்கல் இங்கும் தொடர்கிறது. நியூட்ரினோ நிறைக்கு வேறு விளக்கங்களும் இருக்கின்றன, எது சரி என்பது இன்னும் முடிவாகவில்லை.

'எது அடிப்படைத் துகள்' என்ற கேள்வியே சில இடங்களில் வழுக்குகிறது. சிட்னி கோல்மன் 1975-இல் காட்டியபடி, ஒரு வெளிப் பரிமாணம் மட்டுமுள்ள உலகில் இரண்டு கோட்பாடுகள் ஒன்றுக்கொன்று சமம். ஒன்றில் எளிய துகளாக எழுதப்படுவது மற்றொன்றில் புலத்தின் முறுக்காகத் தோன்றுகிறது. அளவீடுகள் இரண்டிலும் ஒன்றே. எதை அடிப்படை என்பது? பிணைப்பு எங்கே வலுவிழந்திருக்கிறதோ, அங்கே கணக்கிட எளிதானதை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்பேன்.

எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் தொல்லையில்லை. கீழ்த்தள விவரம் மேலே தெரியாது என்ற விதிக்கு ஒரு முரண்டுக்காரன் இருக்கிறான்: ஹிக்ஸ் துகளின் நிறை. மற்ற துகள்களின் நிறையில் கனமானவற்றின் பாதிப்பு மெல்லத்தான் ஏறும். ஹிக்ஸின் நிறை வர்க்கமோ கனத்த துகளின் நிறை வர்க்கத்தையே இழுத்துக்கொள்ளும். 10¹⁵ ஜி.இ.வி.யில் ஹிக்ஸோடு வலுவாக ஊடாடும் ஏதேனும் இருந்தால், 125 ஜி.இ.வி. என்ற அளந்த மதிப்பு கிடைக்க இரு மாபெரும் எண்கள் ஏறக்குறைய 26 இலக்கம் வரை ஒன்றையொன்று கழித்துக்கொள்ள வேண்டும். அதைத் தவிர்க்க, மோதுவியின் கைக்கெட்டும் தூரத்திலேயே புதிய துகள்கள் இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 2012-இல் ஹிக்ஸ் கிடைத்தது. எதிர்பார்த்த அந்தப் புதிய துகள்கள் இதுவரை கிடைக்கவில்லை.

அதனால் இப்போது நடப்பது பெரும்பாலும் ஃபெர்மி காலத்து வேலைதான். வெயின்பெர்க் காட்டிய உறுப்புக்கும் அடுத்த வரிசை உறுப்புகளைச் செந்தரக் கோட்பாட்டோடு சேர்த்து எழுதுகிறார்கள். பேரியான் எண்ணை (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்களின் நிகர எண்ணிக்கையை) காப்பவை, ஒரு தலைமுறைத் துகள்களுக்கு மட்டும், 59 வகை; எலெக்ட்ரான், மியூவான், டௌ போல நிறையில் மட்டும் வேறுபடும் தொகுதிகளே தலைமுறைகள். மூன்று தலைமுறைக்கும் விரித்தால் 2499 குணகங்கள். ஹிக்ஸ், டபிள்யூ, குவார்க்குகளில் மிகக் கனத்த உச்சிக் குவார்க் ஆகியவற்றின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து இவற்றை வரம்புக்குள் நெருக்குகிறார்கள். பூஜ்ஜியத்திலிருந்து ஐயமற விலகியதாக எந்தக் குணகமும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை.