உலாவியை மூடியது யார்?

“டேப்லெட்டில் விண்ணப்பப் படிவம் முழுவதையும் நிரப்பிவிடுகிறேன். புகைப்படம் இணைப்பதற்காகக் கேமராவைத் திறந்து, படம் எடுத்துத் திரும்பினால், உலாவி முதலிலிருந்து தொடங்குகிறது, நிரப்பியதெல்லாம் போய்விடுகிறது. மற்ற நேரங்களிலும் அடிக்கடி தானாக மூடிக்கொள்கிறது. டேப்லெட் கெட்டுவிட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் கெட்டிருக்காது. இப்படி மூடிக்கொள்ளும் உலாவி பல நேரங்களில் தானாக விழுவதே இல்லை. இயங்குதளம்தான் கணக்குப் பார்த்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, அதை நிறுத்துகிறது. அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், படிவத்தைக் காப்பாற்றும் வழியும் தெரிந்துவிடும்.

முதலில், உலாவி எப்படி மூடுகிறது என்று கவனியுங்கள். ‘செயலி நின்றுவிட்டது’ என்பது போன்ற அறிவிப்பு வந்தால், அது நிரலில் நேர்ந்த பிழை. எந்த அறிவிப்பும் இல்லாமல் சட்டென்று முகப்புத் திரை தெரிந்தால், முதல் சந்தேகம் நினைவகப் பற்றாக்குறை மேல் விழ வேண்டும். உலாவி அப்படியே இருக்க ஒரு தாவல் மட்டும் பிழைப்பக்கம் காட்டினால், அந்தப் பக்கத்தை வரைந்துகொண்டிருந்த துணைச் செயல்முறை (உலாவியின் பகுதியாகத் தனியே ஓடும் நிரல்) மட்டும் இறந்திருக்கிறது. பழைய தாவலுக்குத் திரும்பும்போது பக்கம் மறுபடி ஏறினால், நீங்கள் பார்க்காத நேரத்தில் அது காலி செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு வலைப்பக்கம் அப்படி என்ன பெரிதாக நினைவகத்தைத் தின்றுவிடப் போகிறது? படங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சல் புகைப்படம் என்றால் 4000 × 3000 புள்ளிகள். ஜேபெக் கோப்பாக அது 3 அல்லது 4 எம்பிதான் இருக்கும். ஆனால் திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதன்மை என்று புள்ளிக்கு 4 பைட். மொத்தம் 4.8 கோடி பைட், அதாவது 48 எம்பி. இப்படி 20 படங்களை முழு அளவில் விரித்தால் 960 எம்பி. 2 ஜிபி ரேம் உள்ள டேப்லெட்டில், இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, இதற்கு இடம் எங்கே?

உலாவிகள் இதை அறியாதவை அல்ல. ஜேபெக் படம் 8 × 8 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கப்பட்டிருப்பதால், அதை நேரடியாகப் பாதி, கால், அரைக்கால் அளவுக்கு மட்டும் விரிக்கவும் முடியும். நீளத்திலும் அகலத்திலும் அரைக்கால் என்றால் 64-இல் ஒரு பங்கு. 48 எம்பி முக்கால் எம்பியாகக் குறைந்துவிடுகிறது. விரலால் பெரிதாக்கும்போது இந்தச் சலுகை முடிந்துவிடும். பிஎன்ஜி படங்களுக்கு இந்த வசதியே கிடையாது.

இனி இயங்குதளத்தின் பக்கம் வருவோம். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. அது ரேமைப் பொதுவாக 4096 பைட் அளவுள்ள துண்டுகளாக நிர்வகிக்கிறது. கணினித் துறையில் இத்துண்டுக்குப் ‘பக்கம்’ என்றே பெயர். வலைப்பக்கத்தோடு குழம்பாமலிருக்க, இங்கே ‘ஏடு’ என்று வைத்துக்கொள்வோம். 2 ஜிபி ரேமில் 5,24,288 ஏடுகள்.

ஏடுகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு வேறிடத்தில் நகல் இருக்கும். உலாவியின் நிரல் அப்படிப்பட்டது. அது ஏற்கெனவே சேமிப்பகத்தில் கோப்பாக இருக்கிறது. இடம் வேண்டுமென்றால் அந்த ஏட்டைக் கூசாமல் தூக்கி எறியலாம், தேவைப்படும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகைக்கு நகல் இல்லை. படிவத்தில் நீங்கள் தட்டிய பெயர், விரித்த படம், ஜாவாஸ்கிரிப்ட் கட்டி வைத்த தரவுகள் எல்லாம் இந்த வகை. எறிந்தால் போனது போனதுதான். மேசைக் கணினி இவற்றை வன்தட்டில் ஒதுக்கி வைத்துவிடும். டேப்லெட்டுகளில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லையும் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று வரம்பு உண்டு. மலிவான டேப்லெட்டுகளின் சேமிப்பகம் மெதுவானதும்கூட. 2022-இல் ஐபேட்ஓஎஸ் 16 வந்தபோதுதான் எம்1 சில்லு உள்ள ஐபேடுகளில் இப்படி ஒதுக்கி வைக்கும் வசதி வந்தது. ஆண்ட்ராய்டு வேறு வழி பிடித்தது. நகலில்லா ஏடுகளை ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கிறது. இதற்கு ‘இசட்ரேம்’ என்று பெயர். எழுத்தும் தரவும் நன்றாகச் சுருங்கும். விரித்த புகைப்படம் எளிதில் மசியாது.

ரேம் நிரம்பி வழியும் நேரத்தில் என்ன நடக்கிறது பாருங்கள். கெர்னல் நகலுள்ள ஏடுகளை எறிந்து இடம் தேடுகிறது. அடுத்த கணமே நீங்கள் திரையை உருட்டுகிறீர்கள். உருட்டலைக் கையாளும் நிரல் இருந்த ஏடு இப்போது இல்லை. சேமிப்பகத்திலிருந்து அதைப் படிக்க வேண்டும். படித்ததை வைக்க இடம் வேண்டும். அதற்காக இன்னொரு நிரல் ஏடு வெளியேறுகிறது. அடுத்த நொடி அதுவே தேவைப்படுகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதுமாக ஏடுகள் சுழல, செயலி வேலை செய்யாமல் காத்துக்கொண்டே இருக்கிறது. விசைப்பலகை தாமதமாக எழும்புவது, உருட்டல் திக்கித் திக்கி நகர்வது எல்லாம் இந்தச் சுழலின் வெளிப்பாடு. உலாவி மறைவதற்குச் சில நொடிகள் முன்பு பலரும் காண்பது இதைத்தான்.

இதை இயங்குதளம் எப்படி உணர்கிறது? எவ்வளவு ரேம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பது நல்ல அளவுகோல் அல்ல. ஆரோக்கியமான சாதனத்திலும் ரேம் நிறைந்துதான் இருக்கும். சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. 2018 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 4.20-இல், ஃபேஸ்புக் பொறியாளர்கள் உருவாக்கிய ஓர் அளவுகோல் சேர்ந்தது. அது ஏடுகளை எண்ணுவதில்லை. நினைவகத்துக்காக வேலைகள் எவ்வளவு நேரம் தடைபட்டு நின்றன என்று நேரத்தை அளக்கிறது. குடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, தாகத்தையே அளப்பது போல. அந்த ஒரு மாற்றத்தில் எவ்வளவு தெளிவு! நிரம்பியிருந்தும் தடையின்றி ஓடும் ரேமை இது தொந்தரவு செய்யாது. காலி இடம் தெரிந்தும் மூச்சுமுட்டும் சாதனத்தைக் கண்டுகொள்ளாமலும் விடாது.

ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த அளவுகோலைப் பயன்படுத்துவது, நினைவகம் குறையும்போது செயலிகளை நிறுத்துவதற்கென்றே இயங்கும் ஒரு சேவை. 1 நொடி இடைவெளியில் ஏதேனும் ஒரு வேலை நினைவகத்துக்காக 70 மில்லிநொடி தடைபட்டால் அது விழித்துக்கொள்ளும். ரேம் குறைந்த சாதனங்களில் இந்த வரம்பு 200 மில்லிநொடி. எல்லா வேலைகளும் சேர்ந்தாற்போல் 700 மில்லிநொடி நின்றுபோனால் நிலைமை கடுமை என்று பொருள். இவை இயல்பாக அமைந்திருக்கும் எண்கள், தயாரிப்பாளர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

விழித்ததும் யாரை நிறுத்துவது? ஒவ்வொரு செயல்முறைக்கும் −1000 முதல் 1000 வரை ஒரு மதிப்பெண் உண்டு. கண்முன்னே இயங்கும் செயலிக்கு 0. முகப்புத் திரைக்கு 600. சற்றுமுன் விட்டுவந்த செயலிக்கு 700. பின்னணியில் சும்மா கிடப்பவற்றுக்கு 900 முதல் 999 வரை. எண் பெரியதிலிருந்து வெட்டு தொடங்குகிறது.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. படிவத்தை நிரப்பும்வரை உலாவியின் மதிப்பெண் 0. கேமராவைத் திறந்த கணம் அது 700 அளவுக்குத் தள்ளப்படுகிறது. கேமராவோ பசி மிகுந்த செயலி. முன்னோட்டத்துக்கும் முழு அளவுப் படத்துக்கும் ஒரே மூச்சில் பெரிய இடம் கேட்கிறது. 900-க்கு மேல் இருப்பவற்றை வெட்டியும் போதவில்லை என்றால் அடுத்த தலை உலாவியுடையது. தட்டிய எழுத்துகள் நகலில்லா ஏடுகள் என்பதால் அவையும் உடன் போகின்றன. திரும்பி வரும்போது முகவரி மட்டும் நினைவில் இருக்க, பக்கம் வெறுமையாக ஏறுகிறது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். படத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள். புகைப்படச் செயலியின் திருத்தும் வசதியால் அகலத்தை 1000 அல்லது 1200 புள்ளிக்குக் குறைத்துச் சேமியுங்கள். கேமராவை மூடிவிட்டு, அதன் பிறகு உலாவியைத் திறந்து, ஒரே ஒரு தாவலோடு படிவத்தைத் தொடங்குங்கள். இணைக்கும்போது ‘கேமரா’ என்பதைத் தொடாமல் ‘கோப்புகள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புத் தேர்வுத் திரை வரும்போதும் உலாவி பின்னுக்குப் போகத்தான் செய்கிறது. ஆனால் அத்திரைக்கு மிகச் சிறிய இடமே போதும். நீண்ட பதில்களைக் குறிப்புச் செயலியில் எழுதி நகலெடுத்து ஒட்டுவது இன்னும் பத்திரம்.

தாவல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோம் 2008-இல் வந்தபோதே பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் வரையும் அமைப்போடு வந்தது. ஒரு பக்கம் விழுந்தால் மற்றவை பிழைக்கும் என்பதே அதன் நோக்கம். ‘ஸ்பெக்டர்’ என்ற, கணினிச் சில்லுகளில் உள்ள பாதுகாப்புக் குறை 2018 தொடக்கத்தில் வெளிவந்த பிறகு, ஒரு தளத்தின் தரவை இன்னொன்று எட்டிப் பார்க்காதபடி தளத்துக்கொரு செயல்முறை என்று பிரிப்பு கூடியது. பாதுகாப்புக்கு விலை ரேம். அதனால்தான் 2019-இல் ஆண்ட்ராய்டு குரோம் 77-இல் இந்தப் பிரிப்பு வந்தபோது, கடவுச்சொல் இட்டு நுழையும் தளங்களுக்கு மட்டும், அதுவும் 2 ஜிபி ரேமாவது உள்ள சாதனங்களில் மட்டும் நடைமுறைக்கு வந்தது.

ஐபேடிலும் கதை இதுவே. வெட்டுபவரின் பெயர் ‘ஜெட்சம்’. அங்கே தடயத்தை நீங்களே படிக்கலாம். அமைப்புகளில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘அனலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மெண்ட்ஸ்’, அதற்குள் ‘அனலிட்டிக்ஸ் டேட்டா’. பட்டியலில் உலாவி மூடிய நேரத்தில் ‘ஜெட்சம்ஈவென்ட்’ என்று தொடங்கும் கோப்பு இருந்தால் காரணம் நினைவகம். உலாவியின் பெயரிலேயே கோப்பு இருந்தால் பெரும்பாலும் நிரல் பிழை. ஜெட்சம் கோப்பில் ஒவ்வொரு செயல்முறைக்கும் ‘ஆர்பேஜஸ்’ என்று ஓர் எண் இருக்கும். அது அந்தச் செயல்முறை பிடித்திருந்த ஏடுகளின் எண்ணிக்கை. கோப்பின் தொடக்கத்தில் ஏட்டின் அளவு 16384 என்றிருந்தால், 98,304 ஏடுகள் என்பது சரியாக 1.5 ஜிபி. எந்தச் செயல்முறை வீங்கியது என்று ஊகம் இல்லாமல் தெரிந்துவிடும்.

‘ரேம் சுத்தம் செய்யும்’ செயலிகளை நிறுவாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இது கைக்கணினி உலகின் மூடநம்பிக்கை. அவை நிறுத்துவது 900-க்கு மேல் மதிப்பெண் உள்ளவற்றை. தேவை வந்தால் இயங்குதளமே அவற்றை நொடியில் நிறுத்தியிருக்கும். நிறுத்தப்பட்டவை பல மீண்டும் தொடங்கி மின்கலத்தைத் தின்னும். சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலியே பின்னணியில் இடம் பிடித்து உட்காரும். பெரிய விளையாட்டு ஒன்றை ஆடி முடித்தவுடன் அதை மூடிவிட்டு உலாவிக்குப் போவது வேறு. அதில் பயன் உண்டு.

நினைவகம் காரணமில்லை என்று தெரிந்தால் தேடல் மாறுகிறது. 2021 மார்ச்சில், செயலிகளுக்குள் வலைப்பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற பகுதியில் வந்த பிழையால், உலகெங்கும் ஏராளமான செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. வெப்வியூவையும் குரோமையும் புதுப்பித்ததும் சரியானது. ஆகவே உலாவியோடு வெப்வியூவையும் புதுப்பியுங்கள். சேமிப்பகம் விளிம்புவரை நிறைந்திருந்தால் வரலாறு, குக்கீ முதலியவற்றை எழுத முடியாமல் உலாவி விழும். ஒன்றிரண்டு ஜிபியாவது காலியாக விடுங்கள். பிறகு மறைநிலைத் தாவலில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் குக்கீயோ சேமித்த தரவோ கெட்டிருக்கிறது. அமைப்புகளில் உலாவியின் சேமிப்பகப் பகுதிக்குப் போய் முதலில் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) மட்டும் அழியுங்கள். அதற்கு அருகிலேயே இருக்கும் ‘தரவை அழி’ என்பது வேறு: கணக்கோடு ஒத்திசைக்காத புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அதில் போய்விடும். சோதனை வசதிகளை எப்போதாவது மாற்றியிருந்தால், குரோமின் ‘ஃபிளாக்ஸ்’ பக்கத்திலோ சஃபாரியின் மேம்பட்ட அமைப்புகளிலோ எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். விளம்பரத் தடுப்பான்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

நிரல் பிழை என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அதன் வேரும் பெரும்பாலும் நினைவகக் கையாளல்தான். கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு அவ்வகை என்று, குரோமின் அடிப்படை நிரலை உருவாக்கும் குரோமியம் குழு 2020-இல் வெளிப்படையாகச் சொன்னது. விடுவித்த இடத்தை மறுபடி தொடும் நிரல் சில நேரம் விழுகிறது, சில நேரம் திருடனுக்குக் கதவு திறக்கிறது. பழைய சி++ நிரலைப் பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றும் வேலை கவர்ச்சியற்றது, பல ஆண்டு எடுப்பது. ஆராய்ச்சிப் பணம் புதிய பகட்டுகளுக்குப் போகும் அளவுக்கு இதற்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதேபோல் பொதுமக்களுக்குப் படிவம் வெளியிடும் எந்த நிறுவனமும் 2 ஜிபி டேப்லெட்டில் கேமராவோடு சோதித்துவிட்டு வெளியிட வேண்டும். பக்கத்தில் தட்டிய எழுத்தை அவ்வப்போது சாதனத்திலேயே சேமித்து வைப்பது சில வரி நிரல்தான்.

மிகப் பழைய டேப்லெட்டுகளுக்கு எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 8, 9 ஆகியவற்றுக்குக் கிடைத்த கடைசிக் குரோம் பதிப்பு 138. 2025 ஆகஸ்டில் வந்த 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். இன்னொரு சுவர் 32 பிட். அத்தகைய இயங்குதளத்தில் ஒரு செயல்முறை எண்ணிட்டு அழைக்கக்கூடிய பைட்டுகளே மொத்தம் 4,29,49,67,296. அதிலும் ஒரு பகுதியைக் கெர்னல் எடுத்துக்கொள்ளலாம். பல மணி நேரம் உலாவியதில் மீதி இடம் துண்டு துண்டாகச் சிதறி, தொடர்ச்சியாக 48 எம்பி கிடைக்காமல் போனால், ரேம் காலியாக இருந்தாலும் உலாவி விழும். அங்கே நாளுக்கொரு முறை உலாவியை முழுக்க மூடித் திறப்பது உண்மையிலேயே வேலை செய்யும், ஏனென்றால் புதிதாகத் தொடங்கும் செயல்முறைக்குச் சிதறாத முகவரி வெளி கிடைக்கிறது.