எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கேட்டு வாங்குவது எப்படி: 72 மணி நேர விதி

முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பக்க அறிக்கையும் ஒன்றிரண்டு ஃபிலிமும்தான். மெஷினில் பதிவாகும் படங்களோ நூற்றுக்கு மேல். ஃபிலிமில் வருவது அவற்றில் பொறுக்கியெடுத்த சில மட்டுமே. இன்னொரு ஆர்த்தோ டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பது, எல்லாப் படங்களும் பதிந்த குறுந்தகட்டை: "சிடி இருக்கா?" ஜவ்வு கிழிந்திருக்கிறதா, எவ்வளவு என்பதை அவர் தன் கண்ணால் படம் படமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அந்த முழுப் படத் தொகுப்பையும் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு.

இதற்கு அடிப்படை, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிமுறைகள். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ ஆவணம் கேட்டால் ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது விதி 1.3.2. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாக்கச் சொல்கிறது 1.3.1. இதை மீறுவது தொழில் ஒழுங்கீனம் என்கிறது 7.2. கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிமுறைகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. அப்போது மீண்டும் நடைமுறைக்கு வந்தவை இந்த 2002 விதிகள்தான்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் இதையே சொல்கிறது: வார்டில் இருக்கும்போது கூடுமானவரை 24 மணி நேரத்தில், டிஸ்சார்ஜுக்குப் பின் 72 மணி நேரத்தில். ஜெராக்ஸ் செலவு மட்டும் நோயாளியுடையது. பில் பாக்கி இருந்தால் படம் தர மாட்டோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. விதி 1.3.2-இல் பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளையும் அதையே சொல்வார்கள். எழுதிக் கொடுங்கள், அரைப் பக்கம் போதும்: நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) அல்லது ஓ.பி. (வெளிநோயாளி) எண், படம் எடுத்த தேதி. அதன் கீழே, "வலது முழங்கால் எம்.ஆர்.ஐ.யின் எல்லாப் படங்களும் டைகாம் வடிவில், ரேடியாலஜிஸ்ட் கையெழுத்திட்ட அறிக்கையுடன் வேண்டும்" என்று ஒரு வரி. டைகாம் என்பது மருத்துவப் படங்களை மெஷினில் பதிவானபடியே தரும் கோப்பு வடிவம். அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் சாதாரண போட்டோ வடிவமான ஜேபெக் படங்களைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதில் டாக்டரால் வெளிச்சத்தை மாற்றி எலும்பையும் தசையையும் தனித்தனியாகப் பார்க்கவோ, இடைவெளியைச் சரியாக அளக்கவோ முடியாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் நேரமும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் முக்கியம், ஏனென்றால் கெடு மணிக்கணக்கில் ஓடுகிறது. வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி படுக்கையில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் எடுத்துப் போக வேண்டும்.

சிடி கைக்கு வந்ததும் அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். காலி சிடி வருவதுண்டு, அதே பெயருள்ள வேறொருவர் படமும் வருவதுண்டு. பெயர், வயது, தேதி, இடமா வலமா என்ற குறி நான்கும் பொருந்த வேண்டும். எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரேயில் நேர்ப் பார்வை, பக்கப் பார்வை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பார்வையில் முறிவு ஒளிந்துகொள்ளும். மூட்டுத் தேய்மானத்துக்கு நின்றபடி எடுத்த படமா, படுத்தபடி எடுத்ததா என்பதும் அறிக்கையிலோ படத்திலோ இருக்க வேண்டும். படுத்து எடுத்ததில் மூட்டு இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

ஃபிலிமைப் பத்திரப்படுத்துகிறோம் என்று லேமினேஷன் செய்யாதீர்கள். இப்போது பல இடங்களில் வெப்பத்தால் அச்சாகும் ஃபிலிம்தான். லேமினேஷன் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும்.

இரண்டு இடத்தில் கூடுதல் கவனம் தேவை. விபத்து வழக்கு என்றால் அசல் ஃபிலிமை ஆஸ்பத்திரியே வைத்துக்கொள்ளலாம், நகல் கேளுங்கள். இழப்பீட்டு வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், 3 ஆண்டு தாண்டிய பிறகு போய்க் கேட்டால் அழித்துவிட்டோம் என்ற பதில் வரும். இன்ஷூரன்ஸில் சேர்ந்தவர்களுக்கு அசல் ஃபிலிம் க்ளெய்ம் கட்டோடு போய்விடலாம். ஆகவே சிடியை டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிவிடுவது நல்லது.

வார்டில் சேராமல் தனி ஸ்கேன் சென்டரில் எடுத்தவர்களுக்கு 3 ஆண்டுப் பாதுகாப்பு விதி அப்படியே பொருந்தாது. அது உள்நோயாளி ஆவணத்துக்கானது. அங்கே நோயாளி காசு கொடுத்த வாடிக்கையாளர். எடுத்த அன்றே கேட்டுப் பெறுவதுதான் புத்திசாலித்தனம்.

72 மணி நேரம் கடந்தும் வரவில்லையா? டாக்டர் மீதான புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு. கட்டணம் செலுத்திய இடம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 சட்டப்படி 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்தில் வராது. அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு கொடுங்கள், பதில் தரும் கெடு 30 நாள். எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது அந்தச் சீல் போட்ட பிரதியைத்தான்.