சொல் விளக்கம்: ஹாஸ்டல்

"மகள் தாய்லாந்துல ஹாஸ்டல்ல தங்கியிருக்கா" என்று நம் ஊரில் யாரிடமாவது சொன்னால், "அங்க என்ன படிக்கிறா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். கேட்பவர் மேல் குறையில்லை. தமிழ்நாட்டில் ஹாஸ்டல் என்ற சொல் கல்லூரியோடும் வார்டனோடும் மெஸ் பில்லோடும் ஒட்டிக்கொண்டே வளர்ந்திருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்கள் மாதக் கணக்கில் தங்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். ஓர் இரவோ இரண்டு இரவோ தங்கிவிட்டு, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவர்களின் ஹாஸ்டல் வேறு வகை. அதற்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அப்படிப் பயணம் போகிறார்கள்.

பொருளிலிருந்து தொடங்கலாம். தாய்லாந்தின் பழைய தலைநகரான அயூத்தியாவை எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாகி, 1767இல் பர்மியப் படை எரித்து அழிக்கும்வரை 400 ஆண்டுகளுக்கு மேல் சயாம் நாட்டின் தலைநகராக இருந்த ஊர். பெயர் நம் இராமாயணத்து அயோத்தியிலிருந்து வந்தது. சாவ்பிரயா, லோப்புரி, பாசக் என்ற மூன்று ஆறுகள் கூடும் இடத்தில், சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த தீவு போல இருக்கிறது பழைய நகரம். 1991இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. பாங்காக்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆகவே பெரும்பாலோர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். இரவு தங்குகிறவர்களில் கணிசமானோர் கையில் காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் இளைஞர்கள். அவர்களுக்காகத்தான் அங்கே ஹாஸ்டல்கள்.

ரயிலில் போனால் நிலையம் ஆற்றுக்குக் கிழக்கே, தீவுக்கு வெளியே இருக்கிறது. எதிரே உள்ள தெருவில் நேராக நடந்தால் படகுத்துறை. சில பாட் காசு கொடுத்து பாசக் ஆற்றைக் கடந்தால் பழைய நகரம். நரேசுவன் சாலையை ஒட்டிய சந்துகளில் கெஸ்ட் ஹவுஸ்களும் ஹாஸ்டல்களும் வரிசையாக இருக்கும்.

வாசலில் செருப்பு அலமாரி. கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது நமக்குப் பழகிய ஒழுங்கு. கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சாவிக்கு ஒரு சிறிய முன்பணம் வாங்கிக்கொண்டு, வெள்ளை விரிப்பையும் தலையணை உறையையும் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பும் இடங்களும் உண்டு. அறையில் நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று அடுக்குக் கட்டில்கள். நம் ரயிலின் ஏசி இரண்டாம் வகுப்புப் பெட்டியை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்: கீழ்ப்படுக்கை, மேல்படுக்கை, இழுத்து மூடிக்கொள்ளும் திரை, தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு, செல்போனுக்கு ஒரு பிளக். கட்டிலுக்கு அடியிலோ சுவரோரத்திலோ ஒரு பெட்டகம். பூட்டு பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். குளியலறை பொது, சமையல்கட்டு பொது, கீழே உட்கார்ந்து பேச ஒரு கூடம் பொது. பெண்களுக்கு மட்டுமான அறையும் பல இடங்களில் உண்டு. வாடகை அறைக்கல்ல, படுக்கைக்கு. இரவுக்கு 200 முதல் 400 பாட் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

வாடகை படுக்கைக்கு என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்நாடி. ஹோட்டலில் அறை நம்முடையது. ஹாஸ்டலில் ஒரு படுக்கை மட்டும் நம்முடையது, மற்ற எல்லாம் எல்லாருடையது. ஒழுங்குகளும் அதிலிருந்தே வருகின்றன. விடியற்காலை ரயிலைப் பிடித்து அடுத்த ஊருக்குப் போகிறவர், முந்தின இரவே மூட்டையைக் கட்டி வைத்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு இருட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரித்தால் ஏழு பேர் விழித்துக்கொள்வார்கள்.

இனி சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்று ஒரு சொல். வீட்டுக்கு வந்த விருந்தாளி, விருந்தாளியை வரவேற்கும் வீட்டுக்காரர் இருவரையும் அது குறித்தது. அதிலிருந்து விருந்தினரைத் தங்கவைக்கும் இடத்துக்கு 'ஹோஸ்பிட்டாலே'. பழைய பிரெஞ்சில் அது 'ஹோஸ்டெல்' ஆயிற்று, அங்கிருந்து 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குப் போயிற்று. பிறகு பிரெஞ்சில் நடுவில் இருந்த 'ஸ்' தேய்ந்து மறைந்து 'ஓத்தெல்' ஆனது. அதைத்தான் ஆங்கிலம் பின்னாளில் இரண்டாவது முறை கடன் வாங்கி 'ஹோட்டல்' என்றது. ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் ஹாஸ்பிட்டலும் இதே வயிற்றுப் பிள்ளைதான். ஹாஸ்டல், ஹோட்டல், ஹாஸ்பிட்டல் மூன்றும் உடன்பிறப்புகள்.

இந்த உடன்பிறப்புகள் தமிழ்நாட்டுக்கு வந்ததும் சொத்துப் பிரித்துக்கொண்டதுபோல ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டன. ஹோட்டல் சாப்பாட்டுக் கடையாகிவிட்டது. "ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு லாட்ஜ்ல படுத்தோம்" என்பது நம் பேச்சு. தங்குவதற்கு லாட்ஜ், மாணவர்களுக்கு ஹாஸ்டல். மாணவர் பொருள் நாமாகக் கட்டியதல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே கேம்பிரிட்ஜ் போன்ற ஆங்கிலப் பல்கலைக்கழகங்களில் மாணவர் தங்கும் வீட்டை ஹாஸ்டல் என்றிருக்கிறார்கள். சத்திரம் என்ற பொருளில் அந்தச் சொல் அங்கே வழக்கொழிந்துபோய், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அதை மறுபடி எழுத்துக்குக் கொண்டுவந்தார்.

முதுகுப்பைக்காரர்களின் ஹாஸ்டல் பிறந்தது ஜெர்மனியில். ரிச்சர்ட் ஷிர்மன் ஒரு பள்ளி ஆசிரியர். 1909 ஆகஸ்டில் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப்போன இடத்தில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, தரையில் வைக்கோலைப் பரப்பி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை எல்லாம் இப்படி நடந்துபோகும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்ற யோசனை அன்று அவருக்கு வந்தது. 1912இல் ஆல்ட்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் நிரந்தரமான முதல் இளைஞர் விடுதி அமைந்தது. 1932இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடி உலக அமைப்பு ஒன்றை உருவாக்கின. குறைந்த காசு, அடுக்குக் கட்டில், பொதுச் சமையல்கட்டு என்ற இலக்கணம் எல்லாம் அந்த மரபு. இன்றைய தனியார் ஹாஸ்டல்கள் வயது வரம்பையும் சங்க உறுப்பினர் அட்டையையும் கழற்றிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டன.

தாய் மொழி என்ன சொல்கிறது? ஹாஸ்டலை அவர்களும் அப்படியே கடன் வாங்கிவிட்டார்கள். ஆனால் ஹோட்டலுக்குச் சொந்தச் சொல் வைத்திருக்கிறார்கள்: 'ரோங்ரேம்'. ரோங் என்றால் கூடம், கொட்டகை. ரேம் என்றால் இரவு தங்குவது. பள்ளிக்கூடம் ரோங்ரியன், தொழிற்சாலை ரோங்ஙான், ஆஸ்பத்திரி ரோங்பயாபான். தமிழில் பாடசாலை, தொழிற்சாலை, மருத்துவசாலை என்று 'சாலை' செய்யும் வேலையை அங்கே 'ரோங்' செய்கிறது. அப்புறம் அந்தச் சாலையும் அங்கே தனியாக இருக்கிறது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் திறந்த மண்டபத்துக்கு அவர்கள் பெயர் 'சாலா'. கோயில் வளாகங்களில் உண்டு, சாலையோரத்தில் உண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் நிழற்குடையும் சாலாதான். வடமொழியின் 'சாலா' அங்கே போய் மண்டபமாக நின்றுவிட்டது. நம்மிடம் அறச்சாலை, பாடசாலை என்ற தொடர்களில் கட்டடமாகத் தங்கி, தனியாக நிற்கும்போது ரோடு ஆகிவிட்டது.

இன்னொரு தாய்ச் சொல் 'கேக்'. கே-வை நன்றாக நீட்டி, கடைசி எழுத்தை விழுங்கிச் சொல்ல வேண்டும். விருந்தாளி என்று பொருள். இந்தியரையும் மலாய்க்காரரையும் மேற்காசியரையும் குறிக்கவும் அதே சொல்தான் பேச்சில் வழங்குகிறது. அந்த இரண்டாம் பொருளை மரியாதைக் குறைவாக நினைப்பவர்களும் உண்டு என்பதால் நாம் எடுத்தாளாமல் இருப்பது நல்லது. ஆனாலும் அயூத்தியாவின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த இரு பொருளும் ஒன்றாய்க் கிடப்பது புரியும். போர்த்துகீசியர், ஜப்பானியர், டச்சுக்காரர், பாரசீகர் என்று வந்தவர்களுக்கெல்லாம் தனித்தனிக் குடியிருப்பு கொடுத்து வைத்திருந்த வணிக நகரம் அது. ஜப்பானியக் குடியிருப்பு இருந்த இடத்தையும் டச்சுக் குடியிருப்பு இருந்த இடத்தையும் ஆற்றங்கரையில் இன்றும் போய்ப் பார்க்கலாம். அங்கே நீண்ட வரிசையில் கடைபோட்டு விற்கும் ரொட்டி சாய் மாய், அதாவது மெல்லிய ரொட்டிக்குள் நூல் நூலாய் இழுத்த சர்க்கரையைச் சுருட்டித் தரும் தின்பண்டம், அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களின் கைப்பக்குவம். ரொட்டி என்ற பெயரே வந்த வழியைச் சொல்லிவிடுகிறது.

தமிழிலும் 'விருந்து' முதலில் புதுமை என்றே பொருள்பட்டது. பிறகு புதிதாக வந்தவர். அவருக்குப் போடும் சாப்பாடு என்ற பொருள் அதற்கும் பிறகு.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை விடுதி, சத்திரம், மடம், சாவடி.

மனம் முதலில் தாவுவது சத்திரத்துக்குத்தான். ஊர் ஊராகப் போகிறவர்கள் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்து, யார் எவரென்று பேசிப் பழகிய இடம் நம் நாட்டில் அதுதான். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. ஆனால் சத்திரம் அறத்துக்கு நடந்தது, சோறும் இடமும் இலவசம். வேள்வியைக் குறித்த 'சத்திர' என்ற வடசொல் அன்னதானத்தைக் குறித்து, பிறகு அது நடக்கும் கட்டடத்தைக் குறித்தது. காசு வாங்கும் இடத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, இன்று சத்திரம் என்றால் பலருக்குக் கல்யாண மண்டபம், திருச்சிக்காரர்களுக்குப் பேருந்து நிலையம்.

மடத்துக்கும் அதே சிக்கல். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் தெருவையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு மடம் என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம் என்பது உடனே விளங்கும். தமிழ்நாட்டில் மடம் துறவிகளிடம் போய்விட்டது. சாவடியைச் சோதனைச்சாவடியும் சுங்கச்சாவடியும் எடுத்துக்கொண்டன.

ஆகவே மிஞ்சுவது விடுதி, அதுவே பொருத்தம். விடு என்ற வேரிலிருந்து வந்தது. வீடும் அதே வேர். கன்னடத்தில் பாளையம் இறங்கும் இடத்துக்கு 'பீடு'. தெலுங்கில் 'விடிதி' என்று இதே சொல். கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாரைத் தங்கவைக்கும் இடத்தை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நடையை விட்டு, சுமையை இறக்கிவிட்டுக் கொஞ்ச நாள் தங்கும் இடம் என்ற பொருள் வேரிலேயே இருக்கிறது. ஓர் இரவுப் பயணிக்கு இதைவிடச் சரியான சொல் எங்கே கிடைக்கும்?

குறை ஒன்றுதான்: விடுதி இன்று ரொம்பப் பரந்துவிட்டது. நட்சத்திர விடுதி, உணவு விடுதி, மாணவர் விடுதி, தங்கும் விடுதி எல்லாமே விடுதி. முன்னால் ஓர் அடைமொழி வேண்டும். பயணியர் விடுதி என்று சொல்லலாமா? அரசின் பயணியர் மாளிகையோடு குழம்பும். இளைஞர் விடுதி என்பது பழைய சங்கத்து விடுதிகளுக்கு ஏற்கெனவே வழங்குகிறது, தவிர அயூத்தியாவில் அறுபது வயதுக்காரர்களும் மேல்படுக்கையில் ஏறிப் படுக்கிறார்கள். மலிவு விடுதி என்றால் விலை மட்டும் தெரிகிறது, தங்கும் முறை தெரியவில்லை. அதனால் நான் 'பகிர்வு விடுதி' என்று எழுதுகிறேன். அறையும் அடுப்பும் கூடமும் பகிர்ந்துகொள்ளப்படும் இடம் என்பது கேட்டவுடன் புரிகிறது. இந்தச் சொல்லைப் பார்த்து யாரும் கல்லூரியை நினைக்க மாட்டார்கள்.

கூடவே வரும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பேக்பேக்கர், முதுகுப்பைப் பயணி. டார்மிட்டரி, பொது அறை. எண்ணோடு சொல்வதானால் 'ஆறு பேர் அறை' என்பதே இயல்பு. பங்க் பெட், அடுக்குக் கட்டில். லாக்கரைப் பெட்டகம் என்று எழுதலாம், பேச்சில் லாக்கர் இருந்துவிட்டுப் போகட்டும். கெஸ்ட் ஹவுஸையும் பகிர்வு விடுதியையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கெஸ்ட் ஹவுஸில் தனி அறை, பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துவது, அதற்கு விருந்தினர் இல்லம் போதும். தாய்லாந்துச் சட்டமும் அளவை வைத்துப் பிரிக்கிறது: 8 அறைக்கும் 30 பேருக்கும் மிகாத இடம் ஹோட்டல் கணக்கில் சேராது என்று 2023இல் விதியைத் தளர்த்தினார்கள். அதற்கு முன் அந்த வரம்பு 4 அறை, 20 பேர்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: "அயூத்தியாவில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பகிர்வு விடுதி, ஆறு பேர் அறையில் கீழ்ப்படுக்கை கிடைத்தது." வீட்டில் அம்மாவிடம் போனில் சொல்லவும் இது போதும்.