அனகோண்டா: ஆனைகொன்றானா, ஹெனகந்தயாவா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களுக்கு, மரமூட்டில் சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பு புதிய காட்சியன்று. அவர்கள் அதைப் பெரும்பாம்பு என்பார்கள். எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் அதுவே பெயர். ஆனால் அதைக் கைப்பேசியில் படம் பிடிக்கும் இளைஞர்கள் ‘அனகோண்டா’ என்று கூவுகிறார்கள். அந்தப் பெயருக்குரிய பாம்பு இந்தியாவில் எந்தக் காட்டிலும் இல்லை. ஆயினும் அந்தப் பெயர் நம் பக்கத்துக் கடலைத் தாண்டித்தான் உலகுக்குப் போயிற்று என்பதால், அதன் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று அனகோண்டா எனப்படுவது தென் அமெரிக்காவில் அமேசான், ஓரினோகோ ஆற்றுப் படுகைகளின் சதுப்புகளில் வாழும் பாம்பு. உலகில் உயிரோடிருக்கும் பாம்புகளில் எடையில் மிகப் பெரியது அதில் பச்சை அனகோண்டா எனப்படும் இனம். வெனிசுவேலாவில் பிடித்து அளந்து பார்த்த ஒரு பெண் பாம்பு 5.21 மீட்டர் நீளமும் 97.5 கிலோ எடையும் இருந்தது. நீளத்தில் முதலிடம் உடலில் வலைப்பின்னல் கோலம் கொண்ட தென்கிழக்காசிய மலைப்பாம்புக்கு உரியது. அது 6 மீட்டரையும் கடந்து வளரும். ‘மிகப் பெரிய பாம்பு எது’ என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழங்குவதற்குக் காரணம் இதுவே.

பெயரின் முதல் தடயம் 1693-இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு வெளியான தம் விலங்கியல் நூலில் ஜான் ரே என்ற ஆங்கிலேய அறிஞர், நெதர்லாந்தின் லெய்டன் நகர அருங்காட்சியகத்திலிருந்த பாம்புகளின் பட்டியலைச் சேர்த்திருந்தார். அதில் ஒன்றைக் குறித்து, இலங்கையர் இதை ‘அனகந்தையா’ என்பர், எருமை முதலிய கால்நடைகளின் உறுப்புகளை நொறுக்குவது என்று இலத்தீனில் எழுதப்பட்டிருந்தது. அங்கே அமெரிக்கப் பாம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பின்னர் 1768-இல் ஸ்காட்லாந்து இதழொன்றில், இலங்கையில் ஓர் அனகோண்டா புலியை நெரித்துக் கொன்றதை நேரில் கண்டதாக ஒருவர் எழுதிய கதை வெளிவந்து பெயரைப் பரப்பியது. இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது. கதை புனைவு என்பதற்கு அதுவே போதும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடன் அந்தப் பெயரைத் தென் அமெரிக்கப் பாம்புக்குச் சூட்டிவிட்டார். பிரேசில் மக்களோ அதைச் சுக்குரி என்றே அழைத்து வருகிறார்கள்.

இனி மூலச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலேய-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-இல் அகராதி வெளியிட்ட ஹென்றி யூல், இது ‘ஆனை கொன்ற’ என்னும் தமிழாக இருக்கலாம் என்றார். இந்தக் கருத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. யானை எங்கள் மாவட்டத்துப் பேச்சில் ஆனைதான். இலங்கைத் தமிழிலும் ஆனைதான். ‘ஒன்று’ என்பது இங்கே ‘ஒண்ணு’ ஆகிறது, யாழ்ப்பாணத்திலோ ‘ஒண்டு’ ஆகிறது. அதே வழியில் ‘கொன்ற’ நம் வாயில் ‘கொன்ன’ ஆகும், அங்கே ‘கொண்ட’ ஆகும். நாஞ்சில் நாட்டுத் துறையிலிருந்து கப்பலேறியிருந்தால் இச்சொல் ‘ஆனகொன்ன’ என்றல்லவா போய்ச் சேர்ந்திருக்கும்! யானையைப் பிடிக்கும் பாம்பு என்ற எண்ணமும் தமிழுக்குப் பழையது. களிற்றை அகப்படுத்திய மாசுணத்தை நற்றிணை காட்டுகிறது. வீழ்ந்து கிடக்கும் மரம்போல் வழியில் கிடக்கும் மாசுணத்தை ‘துஞ்சுமரம் கடுக்கும்’ என்கிறது மலைபடுகடாம். மாசுணம் என்பது மலைப்பாம்பின் பழம்பெயர்.

எனினும் டொனால்டு பெர்குசன் என்ற ஆய்வாளர் சுட்டிய சிங்களச் சொல்லான ‘ஹெனகந்தயா’ 1693-ஆம் ஆண்டு வடிவத்துக்கு இன்னும் நெருக்கமாக நிற்கிறது. ஹென என்றால் மின்னல், கந்த என்றால் தண்டு அல்லது அடிமரம். ‘கந்தையா’ என்ற ஈறு அப்படியே பொருந்துகிறது. தமிழ்ச் சொல்லானால் ‘க’ இருக்குமிடத்தில் ‘கொ’ இருந்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு சொல்வதும் எருமையைத்தான், யானையை அன்று. இதிலும் ஒரு முடிச்சு உண்டு: இலங்கையில் ஹெனகந்தயா என்பது மெல்லிய கொடிப்பாம்பு ஒன்றின் பெயர். அது எப்படியோ மலைப்பாம்பின் மேல் ஏறியிருக்கிறது. என் கணிப்பில் சிங்கள மூலமே வலுவானது. ‘அனகோண்டா தமிழ்ச் சொல்லே’ என்று பிள்ளைகளுக்கு உறுதியாகக் கற்பிப்பது, தமிழ்மேல் உள்ள பற்றினால் செய்தாலும், பிழைதான்.

அப்படியானால் தமிழில் எப்படி எழுதுவது? ‘அமேசான் மலைப்பாம்பு’ என்பது பொருந்தாது. அனகோண்டா மலையில் வாழ்வதன்று, நீரில் கிடப்பது. அதன் அறிவியற்பெயரின் முற்பகுதியான யூனெக்டிஸ் என்பதற்கே கிரேக்கத்தில் நன்றாக நீந்துவது என்று பொருள். நம் மலைப்பாம்பு முட்டையிட்டு அவற்றைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும். அனகோண்டா குட்டி போடும். இரண்டும் வேறு குடும்பங்கள். ஆகவே மாசுணம், பெரும்பாம்பு ஆகிய பெயர்களை நம் காட்டுப் பாம்புக்கே விட்டுவிடுவது நல்லது.

மூலம் சிங்களமே என்றாலும், தமிழில் எழுதும்போது அனகோண்டாவுக்கு ‘ஆனைகொன்றான்’ என்ற பெயரை ஆளலாம். பலர் எழுதுவதுபோல் ‘ஆனைக்கொன்றான்’ என்று ஒற்று மிக வேண்டியதில்லை. ‘ஆனையைக் கொன்றான்’ என்பது உருபு தொக்கு நிற்கையில் ‘நீர் குடித்தான்’ என்பதைப்போல இயல்பாகவே புணரும். ஆனையே இல்லாத நாட்டுப் பாம்புக்கு இந்தப் பெயரா என்று கேட்கலாம். கண்கொத்திப்பாம்பு யார் கண்ணையும் கொத்துவதில்லை, ஆனாலும் அந்தப் பெயரை நாம் மாற்றவில்லை. அந்தப் பாம்பின் அறிவியற்பெயரான அகேட்டுல்லா என்பதும் கண்ணைப் பறிப்பது என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததுதான்.