சொரசொரப்பான சுவரில் கிரவுட் ஏன் அப்பிக்கொள்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீட்டுக்காரர்கள் பலர் முகப்புச் சுவருக்குக் கல் மாதிரி டைல்ஸ் ஒட்ட ஆசைப்படுகிறார்கள். ஒட்டும்வரை அழகுதான். இடுக்குகளில் கிரவுட் போட்டதும் மேடு பள்ளமெல்லாம் சாம்பல் படலம் ஏறி, கல்லின் நிறமே மங்கிவிடும். கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சிமெண்டின் குணம் தெரிந்தால் இதைத் தவிர்த்துவிடலாம்.

கிரவுட் என்பது சிமெண்டும் பொடி மணலும் சாயமும் சேர்ந்த கலவை. அது காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அந்த வினையில் உருவாகும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்தான் மணலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இதற்குச் சிமெண்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்குத் தண்ணீர் போதும். குழைக்க வசதியாக அளவுக்கு மீறி ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்லும். கலவையும் சுருங்கி வெடிக்கும். மணல் சுருங்காது. ஆகவே 3 மில்லிமீட்டரைத் தாண்டிய இடுக்குக்கு மணல் கலந்த கிரவுட்தான் வேண்டும். கல் மாதிரி டைல்ஸின் ஓரங்கள் நேராக இருப்பதில்லை என்பதால் இடுக்கும் பெரும்பாலும் அகலம்தான்.

வழவழப்பான டைல்ஸில் ரப்பர் பலகையால் இழுத்துப் பூசி, ஈரப் பஞ்சால் துடைத்தால் வேலை முடிந்தது. இங்கே அதே முறைதான் கெடுதல் செய்கிறது. பலகை மேடுகளை மட்டும் வழிக்கும், பள்ளத்தில் கலவை தங்கிவிடும். ஈரப் பஞ்சு அதைச் சிமெண்டுத் தண்ணீராகக் கரைக்கும். பூச்சில்லாத டைல்ஸின் நுண்துளைகள் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். துளை சிறுக்கச் சிறுக்க இழுக்கும் வலு கூடும். உள்ளே போன சிமெண்டு அங்கேயே இறுகிவிடும்.

சரி, டைல்ஸின் முகத்தில் படாமல் கிரவுட் போடுவது எப்படி? கிரவுட் பை என்று ஒன்று இருக்கிறது. மருதாணிக் கூம்பைப் பிதுக்குவதுபோல் கலவையை இடுக்குக்குள் மட்டும் இறக்கலாம். அப்புறம் பொறுமை வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் உருண்டை முனைக் குச்சியால் அழுத்தி, உதிர்வதை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சிந்திய துளியையும் அதுவரை தொடாதீர்கள். பதம் வந்தபின் சுரண்டினால் பெயர்ந்து வரும். சிமெண்டால் வார்த்த டைல்ஸ் என்றால் கிரவுட்டுக்கு முன்பே முகத்தில் சீலர், அதாவது உறிஞ்சுவதைத் தடுக்கும் பூச்சு, பூசிவிடுவது நல்லது.

நம் ஊர்க் காற்றின் ஈரம் சிமெண்டுக்கு நல்லதே. ஆனால் வெயில் ஏறிய மேற்குச் சுவரில் சூடும் டைல்ஸும் சேர்ந்து தண்ணீரை இழுத்துவிட்டால் வினை பாதியில் நின்று, ஓரங்கள் மாவாக உதிரும். காலை நிழலில், இடுக்கை லேசாக நனைத்துவிட்டுப் போடுங்கள். சாயங்கால மழையும் படக் கூடாது. ஊறும் நீர், வினையில் பிறந்த கால்சியம் ஹைட்ராக்சைடை வெளியே கொண்டுவரும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும்.

படிந்துவிட்ட படலத்துக்கு ஆசிட் தேடுவோர் உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டும் சிமெண்டைக் கரைக்கும்தான். ஆனால் படலமும் கிரவுட்டும் ஒரே சரக்கு. ஒன்றைக் கரைப்பது மற்றதையும் தின்னும். சிமெண்டு டைல்ஸில் அமிலமே வேண்டாம். பீங்கான் டைல்ஸ் என்றால், கிரவுட் நன்றாக இறுகிய பிறகு இடுக்குகளைத் தண்ணீரில் ஊற வையுங்கள்; துளைகள் நீரால் நிறைந்திருந்தால் அமிலம் ஆழமாக இறங்காது. கையுறை போட்டு, நீர்த்த சல்பாமிக் ஆசிட்டால் தேய்த்து, உடனே தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.